சந்தோஷத்துக்கு எந்த அகராதி? ஒரு சப்டைட்டில்காரியின் மதிப்பீடு

தமிழ்ப் படங்களுக்கும் தொடர்களுக்கும் ஆங்கில சப்டைட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு வரிக்கு 42 எழுத்து, மிஞ்சினால் இரண்டு வரி. இடைவெளி, கமா எல்லாம் அந்த 42-க்குள்தான். சண்டையும் அழுகையும் மிரட்டலும் எப்படியோ இந்த அளவுக்குள் உட்கார்ந்துவிடும். மல்லுக்கட்ட வைப்பது சந்தோஷமும் சிரிப்பும்தான். "ரொம்ப சந்தோஷம்" என்று ஒருவர் நன்றியாகச் சொல்வார், இன்னொருவர் பெருமூச்சோடு சொல்வார், மூன்றாமவர் லேட்டாக வந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொல்வார். மூன்றுக்கும் 'வெரி ஹேப்பி' என்று போட்டால் மூன்று பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

அதனால் அகராதியோ, ஒரே மாதிரிப் பொருள் தரும் சொற்களைச் சேர்த்து வைக்கும் தெசாரஸோ, எது புதிதாகக் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது 'ஹேப்பி', 'ஃபன்னி', 'லாஃப்' மூன்றையும்தான். அந்தப் பக்கங்களில் உழைப்பு தெரிந்தால் மற்றப் பக்கங்களையும் நம்பலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் தேறியவை, தேறாதவை பற்றித்தான் இது.

தெசாரஸ் என்றதும் எல்லோரும் சொல்கிற பெயர் ரோஜே. பீட்டர் மார்க் ரோஜே தொழிலால் மருத்துவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1852-இல், தன் தெசாரஸை வெளியிட்டார். சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் கருத்துகளின் வரிசையில், ஏறக்குறைய ஆயிரம் தலைப்புகளின் கீழ் அடுக்கியதுதான் அதன் விசேஷம். காப்புரிமை முடிந்த 1911-ஆம் ஆண்டுப் பதிப்பு புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் வைத்திருப்பதும் அதுதான். அதில் தலைப்புகளின் எண் வரிசை இப்படிப் போகிறது: 836 உற்சாகம், 837 சோர்வு, 838 களிப்பு, 839 புலம்பல், 840 கேளிக்கை, 841 சலிப்பு, 842 சாதுரியப் பேச்சு, 843 மந்தம். ஒரு சந்தோஷம், பக்கத்திலேயே அதன் எதிரி. இந்த வரிசையை வாசிக்கும்போது ஒரு மருத்துவர் மனதைப் பிரித்துப் பார்த்து அடுக்கியது தெரிகிறது.

ஆனால் 836-க்குள் நுழைந்தால் தலை சுற்றும். இசையில் வரும் 'அலெக்ரோ'வும் அங்கே இருக்கிறது, 'கே ஆஸ் எ லார்க்' என்ற தொடரும் இருக்கிறது. வானம்பாடி போலக் குதூகலமாக இருப்பவரைச் சொல்லும் அந்த 'கே' என்ற சொல், இருபதாம் நூற்றாண்டில் பொருள் மாறி இன்று வேறு இடத்தில் நிற்கிறது. சில சொற்களுக்கு வழக்கொழிந்தது, கொச்சை என்று அடையாளம் இருக்கும், அவ்வளவுதான்; எதைப் பாட்டி சொல்லலாம், எதைப் பேரன் சொல்லலாம் என்று ரோஜே சொல்வதில்லை. தெரிந்த சொல் நுனி நாக்கில் நின்றுகொண்டு வர மறுக்கும்போது அதை இழுத்து வெளியே போட உதவுகிற புத்தகம் அது. தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோம். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குப் பரிசாக இதை வாங்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

வகைப்பாடு என்று வந்தபிறகு நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், நகையை முதலிலும் உவகையைக் கடைசியிலும் வைக்கிறது. சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றல்ல என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (வெகுளித்தனம்). சிரிக்கிற காட்சி ஒன்று வந்தால் நான் ஆங்கில அகராதியைத் திறப்பதற்கு முன்பு இந்த நான்கில் எது என்றுதான் பார்ப்பேன். எள்ளல் என்றால் ஒரு கூட்டம் ஆங்கிலச் சொற்கள், இளமை என்றால் வேறொரு கூட்டம். ரோஜேயின் ஆயிரம் தலைப்புகள் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் தெசாரஸ் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல செயலிகளுக்குள் இருப்பது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட் என்ற தரவுத்தளம். அதன்மேல் தப்பில்லை. அதில் பொருள் வாரியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். செயலி செய்கிறவர்கள் அந்தப் பிரிவுகளைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொட்டிவிடுகிறார்கள். 'ஹேப்பி' என்று தேடினால் 'ஃபெலிசிட்டஸ்' வந்து நிற்கும். பொருத்தமாக அமைந்த சொல்லுக்குத்தான் அந்த அடைமொழி. பாஸான பையனுக்குப் போட்டால் சிரிப்பார்கள்.

சரி, நான் நிஜமாகவே தினமும் திறந்து வைத்திருப்பது ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதித் தளம். இந்த அகராதியின் மூலவர் ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். முதல் வடிவம் 1942-இல் அங்கேதான் வெளிவந்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று வகுப்பறையில் பார்த்தவர் போட்ட அடித்தளம், இன்றுவரை ஒவ்வொரு பதிவிலும் தெரிகிறது. 'ஹேப்பி' என்றால் என்ன என்று சொல்வதோடு நிற்காமல், அதற்குப் பின்னால் எந்த முன்னிடைச்சொல் வரும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருமா, பேச்சா எழுத்தா, பிரிட்டனா அமெரிக்காவா என்று எல்லாம் சொல்லிவிடும். விளக்கங்களும் ஏறக்குறைய 3000 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை. ஒரு விளக்கம் புரிய இன்னொரு விளக்கத்தைத் தேட வேண்டியதில்லை.

இதில் 'கிளாட்' என்ற பதிவுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. கிளாட், ஹேப்பி, ப்ளீஸ்ட், டிலைட்டட், ப்ரௌட், ரிலீவ்டு, த்ரில்டு ஆகிய ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஒரு பெட்டிக்காகவே அந்தத் தளத்தைப் பிடிக்கும். 'ப்ளீஸ்ட்' என்பதில் எடைபோட்டுப் பார்த்து 'பரவாயில்லை, நன்றாகச் செய்திருக்கிறான்' என்று ஒப்புக்கொள்கிற தொனி இருக்கலாம். 'கிளாட்' என்பதில் நன்றியும் 'நல்லவேளை' என்ற உணர்வும் கூடுதல். முதலாளி உன்மேல் சந்தோஷமாக இருக்கிறார் என்பதற்கு 'ப்ளீஸ்ட் வித் யூ' சரி. 'கிளாட் வித் யூ' என்று ஆங்கிலத்தில் கிடையாது என்பதைத் தப்பான வாக்கியத்தையே போட்டு அடித்துக் காட்டுகிறார்கள்.

இது எனக்கு எப்படிப் பயன்படுகிறது என்றால், ஒரு காட்சியில் மாமனார் சொல்கிறார்: "நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை." இதற்கு 'ஐ ஆம் ப்ளீஸ்ட் யூ கேம்' என்று எழுதலாம், இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மாமனார் அந்த நிமிடமே மேனேஜராகிவிடுவார், மருமகன் வருகைப்பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவன் போல ஆகிவிடுவான். 'ஐ ஆம் சோ கிளாட் யூ கேம்' என்று எழுதினால் அவர் மாமனாராகவே இருப்பார். இதே மாமனார் ஊர்ப் பெரியவராக மேடை ஏறி விருந்தினரை வரவேற்றால் அப்போது 'ப்ளீஸ்ட்' போடலாம், 'டிலைட்டட்' இன்னும் பொருந்தும். ஆள் ஒருவர்தான், நிற்கிற இடம்தான் வேறு.

'டிலைட்டட்' என்று போட்டால் அதற்கு முன்னால் 'வெரி' போட வேண்டாம். சொல்லிலேயே 'ரொம்ப' அடங்கியிருக்கிறது. அழுத்தம் வேண்டும் என்றால் 'ஆப்சல்யூட்லி டிலைட்டட்'. 'ஹிலாரியஸ்' என்பதற்கும் இதே கதை. நம் ஆட்கள் எழுதும் ஆங்கிலத்தில் 'வெரி ஹிலாரியஸ்' அடிக்கடி கண்ணில் படும். அப்புறம் 'எஞ்ஜாய்'. "நல்லா எஞ்ஜாய் பண்ணினோம்" என்று தமிழில் சொல்லும்போது அது முழு வாக்கியம். ஆங்கிலத்தில் எதை என்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் 'அவர்செல்வ்ஸ்' என்றாவது பின்னால் வர வேண்டும். இந்த அகராதியில் அந்த வினைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். தாய்மொழிக்காரர்களுக்கான அகராதிகளில் இதைத் துருவித்தான் எடுக்க வேண்டும்.

'ஃபன்' என்றால் அனுபவித்தது, 'ஃபன்னி' என்றால் சிரிக்க வைத்தது. சுற்றுலா 'ஃபன்னி'யாக இருந்தது என்று ஒருவர் சொன்னால், யாரோ வழுக்கி விழுந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பவர் நினைப்பார். போதாக்குறைக்கு 'ஃபன்னி'க்கு இன்னொரு முகமும் உண்டு: 'ஃபன்னி ஸ்மெல்' என்றால் ஏதோ சரியில்லாத வாடை. "அவன் ஒரு மாதிரி" என்று நாம் இழுப்போமே, அதற்கு இந்தச் சொல் கச்சிதம். 'ஃபன்னி'யின் கீழும் ஒரு பெட்டி இருக்கிறது. 'அம்யூசிங்' என்றால் லேசாகப் புன்னகைக்க வைப்பது, 'விட்டி' என்றால் வாய்ச் சாமர்த்தியம், 'ஹ்யூமரஸ்' என்பது பேச்சைவிட எழுத்துக்கும் கதைக்கும் பொருந்துவது. "செம காமெடி" என்ற நம் வசனத்துக்கு 'அம்யூசிங்' போட்டால் சிரித்தவன் கோட் போட்டுக்கொண்டு சிரித்தது போல இருக்கும். 'தட்ஸ் ஹிலாரியஸ்' போதும்.

இந்தத் தளத்திலும் குறை இருக்கிறது. "மனசு நிறைஞ்சிருக்கு" என்ற வரிக்கு 'ஹேப்பி'யிலிருந்து கிளம்பினால் 'கன்டென்ட்' வரைதான் கொண்டுபோய் விடுகிறது. 'கன்டென்ட்' என்பது வேறெதுவும் வேண்டாம் என்று அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் சொல். நம் வசனத்தில் கண் கலங்கியிருக்கும். 'மை ஹார்ட் இஸ் ஃபுல்' என்று ஆங்கிலத்திலேயே வழக்கு இருக்கிறது, நமக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அதை 'ஹார்ட்' பக்கம் போய்த்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மரபுத்தொடர்களை அந்தந்தச் சொல்லின் கீழே போட்டிருப்பதால், 'ஓவர் த மூன்' நிலாவுக்கு அடியிலும், 'கிளவுட் நைன்' மேகத்துக்கு அடியிலும் கிடக்கின்றன. தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

இனி சிரிப்பு. செவித்திறன் குறைந்தவர்களுக்கான சப்டைட்டிலில் ஒலிகளையும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். எல்லா இடத்திலும் 'லாஃப்ஸ்' என்று போட்டுவிட்டுப் போகலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள். ஆனால் காதால் கேட்கிறவருக்குக் கிடைக்கும் வித்தியாசம் கண்ணால் வாசிக்கிறவருக்கும் கிடைக்க வேண்டாமா?

தமிழில் சிரிப்பைச் சத்தத்தை வைத்தே பிரித்துவிடுகிறோம். களுக்கென்று சிரித்தாள், குபீரென்று சிரித்தான், கெக்கெக்கே என்று சிரித்தார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வினைச்சொல். களுக்கென்று சிரிப்பது 'கிகிள்': மெல்லிய குரலில், அடக்க முடியாமல், கொஞ்சம் வெட்கமோ பதற்றமோ கலந்து. தனக்குள் மெதுவாகச் சிரிப்பது 'சக்கிள்', பெரும்பாலும் நல்ல மனதோடு. குபீர் என்பது 'பர்ஸ்ட் அவுட் லாஃபிங்', அதில் அந்தத் திடீர் என்பதுதான் முக்கியம். வீடே அதிரச் சிரித்தால் 'கஃபா'. 'கேக்கிள்' கோழிக் கொக்கரிப்புக்கும் சூனியக்காரிக்கும் உள்ளது. நல்ல பாட்டி ஒருத்திக்கு அதைப் போட்டால் பாவம். 'சார்ட்டில்' என்ற சொல் 1871-இல் லூயிஸ் கரோல் ஒரு சிறுவர் கதைக்காகத் தானே உருவாக்கியது, 'சக்கிள்' பாதி, 'ஸ்னார்ட்' பாதி. மூக்கும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த சொல், ஆனால் அடைப்புக்குறிக்குள் போட இடம் அமைவதே இல்லை.

இதில் என்னை அதிகம் இழுத்தடித்தது நமட்டுச் சிரிப்பு. கற்போர் அகராதி எனக்கு இரண்டு சொற்களைக் காட்டியது: 'ஸ்மர்க்', 'ஸ்னிகர்'. 'ஸ்மர்க்' என்பது உதட்டோரத்தில், 'எனக்கு எல்லாம் தெரியும்' என்கிற தோரணையோடு வருவது. 'ஸ்னிகர்' என்பது அடுத்தவர் அவமானப்படும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது. அமெரிக்காவில் அது 'ஸ்னிக்கர்', எழுத்திலும் வேறுபடும். அகராதியை ஆழமாக வாசித்தபோதுதான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. 'ஸ்மர்க்' முகபாவம், சத்தம் கிடையாது. 'ஸ்னிகர்' கேட்கும். சத்தமில்லாத முகபாவத்தை ஒலிக்குறிப்பில் போடக் கூடாது, திரையில் அது ஏற்கெனவே தெரிகிறது. ஆக, வில்லன் உதட்டை மட்டும் சுழித்தால் நான் எதுவும் எழுத வேண்டியதில்லை. பின்பெஞ்சில் இருவர் கிசுகிசுத்துச் சிரித்தால் 'ஸ்னிகர்'. ஆங்கிலத்தில் கதை எழுதுகிற இளைஞர்கள் பலர் 'ஸ்மர்க்' என்றால் குறும்புப் புன்னகை என்று நினைத்துக் காதலனுக்கெல்லாம் போட்டுவிடுகிறார்கள். காதலிக்கு எரிச்சல் வர வேண்டிய இடம் அது. அசட்டுச் சிரிப்புக்கு 'ஷீப்பிஷ் க்ரின்' இருக்கிறது.

மெரியம்-வெப்ஸ்டர் தளம் வேறு ரகம். அமெரிக்கர்களுக்காக அமெரிக்கர்கள் செய்தது. சில பதிவுகளின் கீழே நெருங்கிய சொற்களை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். மிர்த், க்ளீ, ஜாலிட்டி, ஹிலாரிட்டி நான்கையும் பிரித்துச் சொல்லும் பத்தி ஒன்று, அம்யூஸ், டைவர்ட், என்டர்டெயின் மூன்றையும் பிரிப்பது இன்னொன்று. 'அம்யூஸ்' கவனத்தை லேசாகப் பிடித்து வைப்பது, 'டைவர்ட்' கவலையிலிருந்து திருப்பிவிடுவது, 'என்டர்டெயின்' அதற்கென்றே ஏற்பாடு செய்த ஒன்றால் மகிழ்விப்பது. சிக்கனமான எழுத்து, வாசிக்கவே சுகம். ஆனால் அவசர வேலைக்கு உதவாது. 'க்ளீ' என்பதில் சில சமயம் அடுத்தவர் கஷ்டத்தில் குளிர்காய்கிற வாடை வரும், எதிரி தோற்றபோது வில்லனுக்குப் போட அருமையான சொல். அந்த வாடையையும் அந்தப் பத்தி தவறவிடவில்லை.

இதே தளத்தில் 'பிமியூஸ்டு' பாருங்கள். உருவம் 'அம்யூஸ்டு' போல, பொருள் குழம்பி நிற்பது. ஆனால் வியப்பும் குழப்பமும் கலந்த ஒரு லேசான வேடிக்கை உணர்ச்சி என்ற பொருளையும் மெரியம்-வெப்ஸ்டர் ஏற்றுப் பதிந்திருக்கிறது. பலர் அப்படி எழுதுவதால் அதையும் பதிந்துவிட்டார்கள், அகராதியின் வேலை அதுதான். என் வேலைக்கு அது ஒத்துவராது. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ஒன்றாகவும் மீதிப் பேர் வேறாகவும் எடுத்துக்கொள்கிற சொல்லை இரண்டு நொடி மட்டும் திரையில் நிற்கும் வரியில் வைக்க மாட்டேன்.

கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் பார்த்தாகிவிட்டது. யார், யாரிடம், எந்த மனநிலையில் சொல்கிறார் என்று விளக்கினால் உருப்படியாக நான்கைந்து வழிகள் தருகின்றன. விளக்காமல் வசனத்தை மட்டும் கொடுத்தால் எல்லோரும் 'ஓவர்ஜாய்டு' ஆகிவிடுகிறார்கள். குத்தலான "ரொம்ப சந்தோஷம்" அதில் நேர்மையான சந்தோஷமாகவே வெளியே வந்தது. அதற்கு வேண்டியது 'ஓ, வொண்டர்ஃபுல்' மாதிரி ஒன்று. ஆங்கிலத்திலும் குத்தலுக்குச் சந்தோஷச் சொல்தான், தொனியை நடிகரின் முகம் பார்த்துக்கொள்ளும்.

சொல்லைத் தேர்ந்தெடுத்த பிறகு நான் போவது கோகா (COCA) எனப்படும் அமெரிக்க ஆங்கிலத் தொகுப்புக்கு. மக்கள் நிஜமாகப் பேசியதையும் எழுதியதையும் சேர்த்து வைத்து, தேடிப் பார்க்க வசதி செய்த தளம் அது. மார்க் டேவிஸ் என்ற மொழியியலாளர் உருவாக்கியது, நூறு கோடிச் சொற்களுக்கு மேல். 1990 முதல் 2019 வரையிலான பேச்சு, கதை, செய்தி, ஆய்வுக் கட்டுரை என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். திரைப்பட, தொலைக்காட்சி வசனங்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஒரு சொல்லைப் போட்டால் அது எங்கே வாழ்கிறது என்று தெரிந்துவிடும். 'மிர்த்' கதைப் புத்தகத்தில் குடியிருக்கிறது, பேச்சில் அரிது. அதனால் பாட்டுவரிக்கு வைத்துக்கொள்கிறேன், வசனத்துக்கு வேண்டாம். 'மெர்ரி'யைத் தேடினால் பின்னாலேயே கிறிஸ்துமஸ் வந்து நிற்கும். தளத்தின் முகப்பு ஆதிகாலத்து அலுவலக மென்பொருள் போல இருக்கும், பழக நேரம் பிடிக்கும். பெயர் பதிந்துகொள்ள வேண்டும், இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்று வரம்பும் உண்டு. சந்தேகச் சொற்களை ஒரு தாளில் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாகத் தேடினால் வரம்புக்குள் வேலை முடிந்துவிடும்.